பின்னொட்டில் இருக்கிறது சங்கதி

கன்சோல் கேபிளைச் செருகி, ரவுட்டரிடம் அதன் மென்பொருள் பதிப்பைக் கேட்டால் வருகிற பதிலில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘சிஸ்கோ ஐஓஎஸ் சாஃப்ட்வேர், சி2900 சாஃப்ட்வேர் (சி2900-யூனிவர்சல்கே9-எம்), வெர்ஷன் 15.2(4)எம்3’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 15.2 என்ற இடத்தோடு என் கண் நின்றுவிடும். மிச்சமெல்லாம் தொழிற்சாலைக் குறி என்று நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு அதே வரியை வலமிருந்து இடமாகப் படிக்கிறேன். முதலில் 3: இந்த வெளியீடு மூன்றாவது முறையாகப் பழுதுநீக்கி மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. அடுத்து எம்: நீண்ட காலம் பராமரிப்போம் என்று சிஸ்கோ வாக்களித்த வகை. அப்புறம் அடைப்புக்குள் 4: 15.2 வரிசையில் புதுவசதிகளோடு வந்த நான்காவது வெளியீடு. கடைசியாகத்தான் 15.2. ராத்திரி பராமரிப்பு நேரத்தில் அப்கிரேட் செய்வதா, விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு, முதலில் தெரிய வேண்டியது வாலில் இருக்கிறது, தலையில் இல்லை.

நெட்வொர்க் கருவிகளின் பதிப்பெண்களை இந்த ஒரு கோணத்திலிருந்து எடைபோட விரும்புகிறேன். அதைப் பொருத்தப்போகிறவருக்கு ஒரு பதிப்பெண் எதையெல்லாம் சொல்லக் கடமைப்பட்டது? என் கணக்கில் மூன்று. பிறப்பு: எந்தக் கிளையிலிருந்து, எப்போது பிரிந்து வந்தது. வயது: அந்தக் கிளையில் எத்தனை தடவை பழுது பார்க்கப்பட்டது. ஆயுள்: இன்னும் எத்தனை காலத்துக்கு ஓட்டைகளை அடைத்துக் கொடுப்பார்கள். நான்காவதாகத் தரத்தையும் சில நிறுவனங்கள் சேர்த்துவிடுகின்றன: நிலையானது, முதிர்ந்தது, பரிந்துரைக்கப்பட்டது என்றெல்லாம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.

‘இதற்கெல்லாம் வெளியீட்டுக் குறிப்பு இருக்கிறதே, பதிப்பெண்ணில் ஏன் தேட வேண்டும்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குறிப்பு ஒரு இடத்தில் இருக்கிறது, கருவி வேறொரு இடத்தில் ஓடுகிறது. தணிக்கைக்கு வருகிறவர் பார்ப்பது பதிப்பெண்ணை. சொத்துப் பட்டியலில் ஏறுவது பதிப்பெண். ‘எந்தெந்தக் கருவி பாதிக்கப்பட்டது’ என்று பாதுகாப்பு அறிவிப்பு வரும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதைத்தான். நூறு பக்கக் குறிப்பு செய்ய வேண்டிய வேலையைப் பத்து எழுத்து செய்துகொண்டிருக்கும்போது, அந்தப் பத்து எழுத்தைச் சோதிக்காமல் விட முடியாது.

சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் முறையிலிருந்து தொடங்குகிறேன். 12.4 காலத்தில் எழுத்து எதுவும் ஒட்டாத எண் தாய்க்கிளை. அதில் பழுதுநீக்கம் மட்டும் நடக்கும். டி ஒட்டியது புதுவசதிகள் இறங்குகிற கிளை. எஸ் இணைய சேவை நிறுவனங்களுக்கு, ஈ பெரிய அலுவலக நெட்வொர்க்குகளுக்கு, எக்ஸ் ஏதோ ஒரு தேவைக்காகப் பிரிந்து சீக்கிரமே முடிந்துபோகும் கிளை. ஆகவே 12.4(25) என்பது 12.4(24)டி-யைவிடப் பெரிய எண். ஆனால் வசதிகளில் அதைவிடச் சிறியது. 12.2(33)எஸ்எக்ஸ்ஐ கேட்டலிஸ்ட் 6500 ஸ்விட்சுக்கானது, 12.2(33)எஸ்ஆர்ஈ 7600 ரவுட்டருக்கானது. அடைப்புக்குறி மூடுகிற வரை இரண்டும் ஒன்று. எண்களைப் படிக்கட்டாக நினைத்துக்கொண்டு படிப்பவர் இந்த இடத்தில் சறுக்குவார். இது படிக்கட்டில்லை, ஆலமரம். 12.2 என்பது அடிமரத்தின் பெயர். எந்த விழுதில் நிற்கிறோம் என்பதை எழுத்து சொல்கிறது.

புதியவரை மிரட்டும் முறை இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுகட்டுமானத்தைத் தாய்க்கிளையில் சின்ன எழுத்தாக அடைப்புக்குள் போட்டார்கள், 12.4(25டி) என்று. டி கிளையில் எண்ணாக வெளியே போட்டார்கள், 12.4(24)டி5 என்று. அந்தச் சின்ன டி வேறு, இந்தப் பெரிய டி வேறு. மேலே காட்டிய வரியிலேயே எம் இரண்டு முறை வருகிறது. யூனிவர்சல்கே9-ஐ அடுத்து வருகிற எம், மென்பொருள் ராம் நினைவகத்திலிருந்து இயங்கும் என்பதற்கான குறி. 15.2(4)-ஐ அடுத்து வருகிற எம் நீண்டகாலப் பராமரிப்புக்கான குறி. ஒரே வரியில், ஒரே எழுத்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள். இது வடிவமைப்புக் குறைதான். ஆனால் பிறப்பையும் வயதையும் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன முறை அந்த நாளில் வேறில்லை. 12.4-க்கு அடுத்து 13-ஐயும் 14-ஐயும் தாண்டி 15.0-க்குத் தாவியபோது ஆயுளும் உள்ளே வந்துவிட்டது: எம் என்றால் நீண்ட ஆதரவு, டி என்றால் குறுகிய ஆதரவு. மூன்று கேள்விக்கும் எண்ணுக்குள்ளேயே பதில் கிடைத்தது. அந்தத் தாவலைப் பார்த்துவிட்டு ஏதோ புது மென்பொருள் வந்துவிட்டதாகப் பயந்தவர்களும் உண்டு. உண்மையில் 15.0(1)எம் என்பது 12.4(24)டி-யின் தொடர்ச்சி. தலையில் இருக்கும் எண் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அதே சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இ-க்கு மாறியபோது என்ன நடந்தது? புள்ளி வைத்த மூன்று எண்கள், 17.9.4 என்பதுபோல. பார்வைக்குத் துப்புரவாக இருக்கிறது. கூடவே ஊர்ப் பெயர்கள், மலைப் பெயர்கள்: டெனாலி, எவரெஸ்ட், ஃபூஜி, ஜிப்ரால்ட்டர், அப்புறம் ஆம்ஸ்டர்டாம், பெங்களூரு, கூபர்டினோ, டப்ளின். நம் பக்கத்து ஊரின் பெயரைப் பார்ப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெங்களூரு என்ற பெயர் 17.4, 17.5, 17.6 மூன்றையும் மூடிக்கொள்கிறது. இந்த மூன்றில் 17.6-க்கு மட்டும்தான் 36 மாத ஆதரவு. மற்ற இரண்டுக்கும் 12 மாதம். பொருத்துகிறவருக்கு எந்த வேறுபாடு அவசியமோ, அதைப் பெயர் மறைத்துவிடுகிறது. எண்ணும் சொல்வதில்லை. 17.3, 17.6, 17.9, 17.12 என்று மூன்றால் வகுபடுவதெல்லாம் நீண்ட ஆயுள் என்ற சூத்திரம் ஏற்கெனவே மனத்தில் இருந்தால்தான் தெரியும். 15.2(4)எம் காலத்தில் எழுத்தே சொன்ன செய்தியை இப்போது வாய்ப்பாடு சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வைக்கு எளிமையாக்கும்போது கைநழுவிப்போன செய்தி இது. என் தராசில் இது பின்னடைவு.

இன்னொரு இழப்பு, நான் நேரில் அனுபவித்தது. ஒரு நிறுவனத்தில் ஸ்விட்சுகளின் பட்டியலை எக்செல் தாளில் வைத்திருந்தோம். கிளைக்கென்று தனிப் பத்தி. யாரோ அதில் 17.10 என்று அடித்திருக்கிறார்கள். தாள் அதைத் தசமமாக எடுத்துக்கொண்டு 17.1 ஆக்கிவிட்டது. பத்தாவது வெளியீட்டில் ஓடிய கருவிகள் முதல் வெளியீட்டுக் கருவிகளோடு கலந்துபோய், ஆதரவு முடிந்தவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ராத்திரி ஒரு மணிக்கு அதில் ஒன்றுக்குள் நுழைந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முழு எண்ணை எழுதினாலும் தப்பவில்லை, வரிசைப்படுத்தினால் 17.12.1 மேலேயும் 17.9.4 கீழேயும் போய் நின்றது. கருவி மட்டும் இதை அறிந்திருக்கிறது. அதனிடம் பதிப்பைக் கேட்டால் ஒரு வரியில் 17.09.04 என்று பூஜ்யம் சேர்த்தும், அடுத்த வரியில் 17.9.4 என்று சேர்க்காமலும் காட்டுகிறது. பூஜ்யம் சேர்த்த வடிவம் எந்தத் தாளிலும் ஒழுங்காக வரிசையில் நிற்கும். ஆனால் மனிதர்கள் எழுதுவதும் அறிவிப்புகளில் வருவதும் மற்ற வடிவம்தான்.

இந்த முறையின் ஆகப் பெரிய சோதனை 2023 அக்டோபரில் வந்தது. எக்ஸ்இ-யின் வெப் நிர்வாகப் பக்கத்தில் இருந்த ஓட்டையை (சிவிஇ-2023-20198) அந்த மாதம் 16-ஆம் தேதி சிஸ்கோ அறிவித்தது. தீவிர அளவீட்டில் பத்துக்குப் பத்து. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே வெளியிலிருந்து ஒருவர் உச்ச அதிகாரம் கொண்ட கணக்கை உருவாக்கிக்கொள்ளலாம். உலகெங்கும் பல்லாயிரம் கருவிகளில் அப்படிக் கணக்கும் பின்கதவும் போடப்பட்டன. 22-ஆம் தேதி முதல் திருத்தம் வந்தது. அதன் பெயர் 17.9.4ஏ. பின்னாலேயே 17.6.6ஏ, 17.3.8ஏ, பழைய 3650, 3850 ஸ்விட்சுகளுக்கு 16.12.10ஏ.

கவனியுங்கள். திருடனுக்குத் திறந்திருக்கும் கருவிக்கும் பூட்டப்பட்ட கருவிக்கும் இடையில் ஒற்றை ‘ஏ’. பட்டியலில் 17.9.4 என்று சுருக்கி எழுதும் பழக்கம் உள்ள இடங்களில் அந்த எழுத்துக்கு இடமே கிடையாது. இதைவிட முக்கியமான இன்னொன்று: 17.3.8ஏ பாதுகாப்பானது, அதைவிடப் பெரிய எண்ணான 17.9.4 பாதுகாப்பற்றது. ‘17.3-க்கு மேல் இருந்தால் போதும்’ என்று எழுதப்பட்ட எந்தச் சோதனை நிரலும் அந்த வாரம் தவறான பதிலைத்தான் தந்திருக்கும். கிளைகளாகப் பிரியும் மென்பொருளில் பெரியது, சிறியது என்ற ஒப்பீடே ஒரு கிளைக்குள் மட்டும்தான் செல்லும். பழைய முறையில் எழுத்துகள் முகத்தில் அறைகிற மாதிரி கிளையைக் காட்டின. புள்ளி வைத்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தியதுபோன்ற தோற்றத்தைத் தருகின்றன.

இது சிஸ்கோவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. லாட்வியா நாட்டின் மைக்ரோடிக் ரவுட்டர்கள் சின்ன இணைய சேவை நிறுவனங்களில் ஏராளம். 2018-இல் அவற்றின் வின்பாக்ஸ் நிர்வாக வழியில் ஒரு ஓட்டை (சிவிஇ-2018-14847) வெளிப்பட்டது. பயனர் விவரக் கோப்பையே வெளியிலிருந்து உருவிவிடலாம். 6.29 முதல் 6.42 வரை பாதிப்பு. ஏப்ரலில் திருத்தம் இரண்டு கிளைகளில் வந்தது: புதிய கிளையில் 6.42.1, பழுதுநீக்கக் கிளையில் 6.40.8. அதாவது 6.40.8 பத்திரம், 6.41 ஆபத்து, 6.42-உம் ஆபத்து, 6.42.1 பத்திரம். எண் ஏற ஏறப் பாதுகாப்பு ஏறும் என்று நம்பினால் நடுவில் குழி. திருத்தம் வந்த பிறகும் பல மாதங்கள் கழித்து, அப்டேட் செய்யப்படாத ரவுட்டர்கள் கூட்டம் கூட்டமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் வேலைக்குக் கடத்தப்பட்டன.

அதே ஆண்டில்தான் மைக்ரோடிக் தன் கிளைகளின் பெயர்களை மாற்றியது. ‘பக்ஃபிக்ஸ் ஒன்லி’ என்றிருந்தது ‘லாங்-டெர்ம்’ ஆயிற்று. ‘கரண்ட்’ என்றிருந்தது ‘ஸ்டேபிள்’ ஆயிற்று. ‘ரிலீஸ் கேண்டிடேட்’ என்றிருந்தது ‘டெஸ்டிங்’ ஆயிற்று. மூன்றாவது மாற்றத்தில் எனக்குக் குறையில்லை, முன்பைவிடத் தெளிவு. முதல் இரண்டிலும் பழைய சொற்கள்தான் நேர்மையானவை என்பேன். ‘பக்ஃபிக்ஸ் ஒன்லி’ அந்தக் கிளையில் என்ன வேலை நடக்கிறது என்று சொன்னது: பழுதை நீக்குவோம், புதிதாக ஒன்றும் சேர்க்க மாட்டோம். ‘கரண்ட்’ இப்போது நடப்பில் இருப்பது என்று சொன்னது. இரண்டும் செய்தி. ‘ஸ்டேபிள்’ ஒரு மதிப்பீடு. நடப்பு வெளியீடு என்று அறிந்து போடுகிறவர் ஓரிரு வாரம் பொறுத்துப் பார்ப்பார். நிலையானது என்று நம்பிப் போடுகிறவர் பொறுக்க மாட்டார்.

சின்ன எண், சின்ன மாற்றம் என்ற நம்பிக்கையையும் மைக்ரோடிக் ஒருமுறை உடைத்துக் காட்டியது. 6.40-இலிருந்து 6.41-க்குப் போனால் பிரிட்ஜ் அமைப்பே மாறிவிடும். மாஸ்டர்-போர்ட் என்ற ஏற்பாடு எடுக்கப்பட்டு, போர்ட்டுகள் எல்லாம் பிரிட்ஜின் கீழ் வந்துவிடும். பழைய கான்ஃபிக் தானாகவே புது வடிவத்துக்கு மாற்றப்படும். ஒரு ஸ்விட்சின் உள்கட்டமைப்பையே பிரித்துக் கட்டுகிற வேலைக்கு எண் ஏறியது 0.01 தான். ஐஓஎஸ் 12.4-இலிருந்து 15.0-க்குத் தாவியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணின் தாவலுக்கும் மாற்றத்தின் அளவுக்கும் உறவு இருந்தே தீர வேண்டும் என்று நெட்வொர்க் கருவிகள் உலகில் எவரும் நமக்கு உறுதி தரவில்லை.

ஜூனிபரின் ஜூனோஸ் முறை வேறு மாதிரி யோசித்திருக்கிறது. 21.4ஆர்3-எஸ்5 என்று எடுத்துக்கொள்வோம். 21 ஆண்டு, 4 அந்த ஆண்டின் நான்காவது காலாண்டு, ஆர்3 அந்தக் கிளையின் மூன்றாவது முறையான வெளியீடு, எஸ்5 அதன்மேல் வந்த ஐந்தாவது பழுதுநீக்கத் தொகுப்பு. பின்னால் ஒரு புள்ளியும் எண்ணும் ஒட்டியிருந்தால் அது கட்டுமான எண். தலைப்பகுதியிலேயே பிறந்த காலம், வால்பகுதியில் பட்டுத் தேறிய கணக்கு. எழுத்துகள் குறுக்கே நிற்பதால் எந்த எக்செல் தாளும் இதைத் தசமமாக எடுத்துக்கொள்ளாது. 21.4ஆர்1-ஐயும் 21.4ஆர்3-எஸ்5-ஐயும் பக்கத்தில் வைத்தால், முதலாவது புதுசு, இரண்டாவது பழகியது என்று விளக்கம் இல்லாமலே புரிகிறது. பிறப்பு, வயது இரண்டிலும் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆயுளில் குறைப்பேன். 21.2, 21.4 ஆகிய இரட்டைப்படை வெளியீடுகளுக்கு நீட்டித்த ஆதரவு உண்டு. 21.1, 21.3-க்குக் கிடையாது. எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, சிஸ்கோவின் மூன்றாம் வாய்ப்பாடு போலவே இதுவும் ஒரு இரண்டாம் வாய்ப்பாடு. எக்ஸ் கிளைகள் இன்னும் மோசம். எஸ்ஆர்எக்ஸ் ஃபயர்வால்களுக்கான 15.1எக்ஸ்49 போன்றவற்றில் ஆர், எஸ் எல்லாம் மறைந்து டி10, டி20 என்று வேறு கணக்கு ஓடுகிறது. 15.1 என்ற தலையோடு பல ஆண்டுகள் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. பிறந்த ஆண்டைப் பார்த்துக் கிழம் என்று ஒதுக்குகிறவர், அந்தக் கிளை அப்போதும் உயிரோடு இருந்ததைத் தவறவிட்டிருப்பார்.

தேதி வைத்த எண்ணுக்கே உரிய சிக்கல் இது. வீட்டு ரவுட்டர்களுக்கான ஓப்பன்-டபிள்யூஆர்டி-யிலும் அதைப் பார்க்கலாம். 19.07 வெளிவந்தது 2020 ஜனவரியில். 21.02 வெளிவந்தது 2021 செப்டம்பரில். எண்ணில் இருப்பது கிளை பிரிந்த மாதம், வெளியான மாதம் கிடையாது. தெரிந்துகொண்டால் அதுவே மேல்: வசதிகள் எந்தத் தேதியோடு உறைந்தன என்பது பொருத்துகிறவருக்குப் பயன்படும் செய்தி.

எம் என்ற எழுத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஃபோர்ட்டிநெட் நிறுவனம் 7.2 காலத்திலிருந்து தன் ஃபயர்வால் மென்பொருளில் எஃப், எம் என்ற குறிகளைச் சேர்த்தது. எஃப் என்றால் புதுவசதிகள் கொண்டது, எம் என்றால் முதிர்ந்தது. அரிஸ்டாவின் இஓஎஸ்-இலும் எஃப் புதுவசதிக் கட்டம், எம் பராமரிப்புக் கட்டம். சிஸ்கோவின் எம்மைப் படித்துப் பழகியவர் இவற்றையும் அப்படியே படித்தால் தவறிவிடும். 15.2(4)எம் என்பது பிறந்த அன்றே எம். அன்றைக்கு அது களத்தில் ஒரு நாள்கூட ஓடியிருக்காது. புதுவசதிகள் சுடச்சுட இருக்கும். அங்கே எம் எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதி: நீண்ட நாள் பார்த்துக்கொள்வோம். ஃபோர்ட்டிநெட்டிலும் அரிஸ்டாவிலும் எம் நிகழ்காலத்தைப் பற்றிய செய்தி: புதுசு சேர்ப்பதை நிறுத்திவிட்டோம். இரண்டுக்குமே மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டு, ‘எம் போட்டிருக்கிறதே’ என்று சிஸ்கோவின் முதல் எம் வெளியீட்டை மையக் கருவியில் ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ராத்திரிகள் நீண்டவை.

‘முதிர்ந்தது’ என்ற சொல்லையும் விடாமல் எடைபோட வேண்டும். ‘புதுவசதி சேர்க்கவில்லை’ என்ற பொருளில் அதைச் சொன்னால் சரிபார்க்கக்கூடிய கூற்று. வெளியீட்டுக் குறிப்பைத் திறந்தால் உண்மையா, இல்லையா என்று தெரிந்துவிடும். ‘நம்பி ஏற்றலாம்’ என்ற பொருளில் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார் என்பது நிறுவனத்துக்கும் தெரியும். அந்த இரண்டாம் பொருள் நாளைக்கு ஒரு ஓட்டை வெளிவந்தால் பொய்த்துவிடும். எண்ணில் ஒட்டிய எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். சிஸ்கோ பழைய நாளில் வெளியீடுகளுக்குக் களத்தில் எந்த அளவு இறங்கியது என்பதைக் காட்டும் தகுதிநிலைகளைக் கொடுத்துவந்தது: தொடக்க நிலை, வரம்பு நிலை, பொது நிலை. கோளாறு கண்ட வெளியீட்டைத் திரும்பப் பெற்றதாகவும் குறிப்பார்கள். அந்தத் தகுதி பதிப்பெண்ணுக்குள் கிடையாது, டவுன்லோட் பக்கத்தில் இருந்தது. மாற்ற வேண்டிய நாளில் மாற்ற முடிந்தது. மாறக்கூடிய கருத்தை மாறக்கூடிய இடத்தில் வைத்த அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

என் வாதத்துக்கு எதிராக ஒன்றை நானே சொல்லியாக வேண்டும். வாலில் இருக்கும் எண் பெரிதாக இருந்தால் பழகியது என்று சொன்னேன். எஸ்5 என்பதற்கு ஐந்து முறை மருத்துவர் வந்து போனார் என்றும் பொருள் கொள்ளலாமே? நோயாளி உண்மையிலேயே நலிந்தவராக இருக்கலாம். திருத்தமே புதுப் பழுதைக் கொண்டுவந்ததும் உண்டு, மறுகட்டுமானம் ஒன்று வெளிவந்து திரும்பப் பெறப்பட்டதும் உண்டு. ஆகவே வால் எண் தரத்துக்குச் சான்றிதழ் ஆகாது. அது எத்தனை முறை கை வைக்கப்பட்டது என்ற கணக்கு மட்டும்தான். ஆனாலும் கண்டுபிடித்து நீக்கிய பழுதுகள் பட்டியலில் இருக்கின்றன, படித்துப் பார்க்கலாம். ஆர்1-இன் பழுதுகள் இனிமேல்தான் யாராவது ஒருவரின் நெட்வொர்க்கில் கண்டுபிடிக்கப்பட வேண்டும். அந்த ஒருவராக நான் இருக்க விரும்பாததால், எதிர்வாதத்தின் எடையை ஏற்றுக்கொண்டும் வாலையே நம்புகிறேன்.

தீர்ப்புக்கு வருகிறேன். இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் ஜூனோஸ் முறைக்கே முதலிடம். எக்ஸ் கிளைகளை அதன் கறையாகவே வைத்துக்கொண்டு சொல்கிறேன். 15.0-க்குப் பிந்தைய பழைய ஐஓஎஸ் மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன ஒரே முறை என்பதால், எழுத்துக் குழப்பத்தையும் மீறி அதை இரண்டாவதாக வைக்கிறேன். ஃபோர்ட்டிநெட்டும் அரிஸ்டாவும் மூன்றாமிடம், குறி ஒன்றே என்றாலும் சரிபார்க்கக்கூடிய குறி என்பதால். எக்ஸ்இ அதற்கும் கீழே: ஆயுளைச் சொன்ன எழுத்தைக் கையில் வைத்திருந்து தொலைத்தது, அதற்குப் பதில் எதையும் சொல்லாத பெயர்களை வைத்தது. மைக்ரோடிக்கின் கிளைப் பெயர்களுக்குக் கடைசி இடம். அதன் மென்பொருளின் தரம் பற்றி இதில் எதுவும் சொல்லவில்லை, ‘ஸ்டேபிள்’ என்ற சொல் மீதுதான் இந்தத் தீர்ப்பு.

யாராவது என்னிடம் புதுசாக ஒரு முறை கேட்டால் 21.4ஆர்3-எஸ்5 என்ற உருவத்தை வைத்துக்கொண்டு, 21.4-ஐ அடுத்து நீண்ட ஆதரவுக்கு ஒரு எழுத்தை மட்டும் சேர்ப்பேன். வேறெதையும் தொட மாட்டேன். அதுவரை எங்கள் பட்டியலில் பதிப்புக்கென்று ஒரே பத்தி இருந்த இடத்தில் மூன்று இருக்கின்றன: கிளை, முழுப் பதிப்பெண், ஆதரவு முடியும் தேதி. முழுப் பதிப்பெண் எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது, கடைசி ‘ஏ’ உட்பட.